தகப்பன் பெயருக்கான கட்டம்

எனக்கு அந்த அக்காவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் சீனி போட்டுத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது வராது. நான் பாலாவியில் உப்பு லொறி ஓட்டுகிறவன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத்தான் தெரியும். அதில்கூட அவர் என்னைவிடப் பெரிய ஆள் என்பதுதான் என் கோபம்.

சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவர். முகாமிலிருந்து வெளியே விட்டதும் போக இடமில்லாமல் நின்றவரை எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமி கூட்டிவந்தார். கல்பிட்டிப் பக்கம், கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் மணலில் கிடக்கிற ஊர் எங்களுடையது. கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பழைய பதிவுப் புத்தகங்களைக் கறையான் தின்றுகொண்டிருந்த அறை. சுவாமி அதில் ஒரு கட்டிலும் மேசையும் கதிரையும் போட்டார். "கறையான் முடிக்கிறதுக்கு முன்னுக்கு நீங்க வாசிச்சு முடிங்க" என்று சொல்லி அவரை அங்கே இருத்தினார்.

ஞானஸ்நானம், கல்யாணம், சாவு. மூன்று வகைப் புத்தகம். வெள்ளைக்காரன் காலத்துச் சுவாமிமார் லத்தீனில் எழுதி வைத்தவை. பழையதைப் பார்த்துப் புதிய புத்தகத்தில் எழுதுவது அவருடைய வேலை. லத்தீனில் அவருக்குத் தெரிந்தது முப்பது நாற்பது சொற்கள். சுவாமி சொல்லிக் கொடுத்தவை. அது போதும் என்பார். "பிறந்தது, செத்தது, தகப்பன், தாய். வேற என்ன வேணும்?"

ஊர் அவரைப் பதிவக்கா என்று கூப்பிட்டது. அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

ஒல்லியான ஆள். மேசையில் உட்காரும் முன் கையைக் கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்து, பிறகு வெயிலில் நீட்டிக் காயவைப்பார். வேர்த்து ஊற்றினாலும் காற்றாடி போடமாட்டார், தாள் பறக்கும் என்று. வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, அந்த வரியை எழுதி முடித்த பிறகுதான் அடுத்த வரிக்கு இறக்குவார். பாணும் வெறுந்தேத்தண்ணியும் வாசலுக்கு வெளியே நின்றுதான். மேசைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு பாண் விழுந்தாலும் எறும்பு வரும், எறும்பு வந்தால் எழுத்துப் போகும் என்பது அவருடைய கணக்கு.

'இருக்கலாம்' என்ற சொல் அவர் வாயில் நான் கேட்டதில்லை. அவரைச் சீண்டுவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

"அக்கா, இன்டைக்கு மழை வருமா?"

"வந்தாச் சொல்லுறன்."

"உங்கட வயசென்ன அக்கா?"

"ஏன், பொம்பிளை பாக்கிறியளோ?"

சிரிக்காமல் சொல்வார். நாங்கள்தான் சிரித்துக்கொண்டு போவோம்.

ஒருமுறை வள்ளம் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி தன் மகளுக்கு ஞானஸ்நானச் சான்று கேட்டு வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். வயதில் மூன்றைக் குறைத்து எழுதச் சொன்னார். கையில் ஒரு பெரிய பாரை மீன், கடதாசியில் சுற்றி.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா ஏன் உங்கட்ட வாறன்?"

"அப்ப மீனை மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுங்கோ. இஞ்ச புத்தகத்தில உள்ள வயசுதான் வரும்."

அந்தக் கல்யாணம் குழம்பியது. சம்மாட்டி அந்த வருசம் தலவில ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போகிற பஸ்ஸில் வைத்து, வந்த இடத்தில் வாலாட்டுகிறாள் என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். பதிவக்கா ஜன்னல் பக்கம் திரும்பவுமில்லை, சம்மாட்டி பக்கம் திரும்பவுமில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறருக்குத்தான் இப்படி என்று நினைத்தால் அதுவும் இல்லை. மதுரங்குளிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம். பெண்ணுக்குச் சான்று எழுதிக் கொடுத்தது இவர்தான். கொடுத்து ஒரு கிழமை கழித்துத்தான் தாயின் பெயரை மேல்வரியிலிருந்து எடுத்து எழுதிவிட்டேன் என்று கண்டுபிடித்திருக்கிறார். பஸ் ஏறிப் போனார். கல்யாண வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த நேரம். பந்தலுக்கு நடுவில் நின்று, "நான் பிழை விட்டனான். அந்தத் தாளைத் தாங்கோ" என்றாராம். சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிடவில்லை. திருத்திய தாளைக் கொடுத்து, பழைய தாளை அந்த இடத்திலேயே நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வரும் வழியில் என் லொறியில் பக்கத்து இருக்கையில் ஏற்றி வந்தவன் நான். இறங்கும்போது, "மேல்வரி" என்று மட்டும் சொன்னார், தன்னைத் தானே திட்டுவது போல.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் பதினொரு குடும்பத்தின் காணி போய் மாட்டியது.

நாங்கள் இருக்கிற தென்னந்தோட்டத்துக்கு வேபர் தோட்டம் என்று பெயர். எங்கள் வீட்டுப் பெயரும் வேபர். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெர்மனியிலிருந்து மூன்று விவசாயக் குடும்பங்கள் கப்பலில் வந்து கல்பிட்டியில் இறங்கினார்களாம். சொந்த ஊரில் நிலம் போதாமல், இங்கே தென்னையும் புகையிலையும் வைக்க வந்தவர்கள். அதில் வேபர் என்கிறவர் வைத்த தோட்டம் இது. அவருடைய பிள்ளைகளின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் பெரியப்பாவுக்குக் கண் கொஞ்சம் பூனைக்கண். அதைக் காட்டியே அறுபது வருசம் வாழ்ந்தவர். கள்ளுக்குடிக்கப் போன இடத்திலும், "டேய், நான் ஜெர்மன்காரன்டா" என்பார். பெரியப்பா வீட்டுச் சுவரில், இருதயநாதர் படத்துக்குப் பக்கத்தில், கோயிலில் வேதம் படிப்பித்த பழைய உபதேசியார் ஒருவர் எங்கள் மூதாதையின் பேரில் எழுதிக் கொடுத்த ஞானஸ்நானச் சான்று கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. தகப்பன் என்ற இடத்தில் வேபர் என்று அழகான எழுத்தில் இருந்தது.

சண்டை முடிந்ததும் கடற்கரைக் காணிகளுக்கு ஒரு பேய் பிடித்தது. ஹோட்டல் கட்டப்போகிறோம் என்று ஒரு கம்பனி வந்தது. கொழும்பில் இருக்கிற யாரோ ஒருவர், தான் வேபரின் மகள் வழியில் வந்தவர் என்று சொல்லி, எங்கள் தோட்டம் முழுவதையும் அந்தக் கம்பனிக்கு விற்று உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் குடியிருக்கிற வீடுகளோடு சேர்த்துத்தான். மூன்று மாதத்தில் வீடுகளை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தது.

சிலாபத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். "நீங்களும் வேபரின்ட பரம்பரைதானே? அப்ப உங்கட பங்கை அவர் விக்க ஏலாது. கோயில் புத்தகத்தில இருந்து வம்சாவளி எழுதி எடுத்துக்கொண்டு வாங்க. காணி விசாரணையில கொடுப்பம்" என்றார். அதோடு எங்களுக்குப் பாதி உயிர் வந்தது. புத்தகம் கோயிலில் இருக்கிறது. எழுதுகிறவர் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறார். இன்னும் என்ன?

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு வயதான ஐயா வந்தார். விவசாயி. கை எங்கள் கை மாதிரியே காய்த்துப் போன கை. அவருடைய ஊர்க் கோயில் புத்தகங்களில் தேடித் தேடி, தன் பாட்டனுக்குப் பாட்டனின் தம்பி இலங்கைக்குப் போனான் என்று கண்டுபிடித்து, அந்தக் கிளையின் மிச்சத்தைத் தேடி வந்திருந்தார். நீர்கொழும்பிலிருந்து ஒரு பொடியனைப் பேச்சுக்குக் கூட்டி வந்திருந்தார். பெரியப்பா கட்டிப் பிடித்தார். பன்றி அடித்தோம். நண்டும் இறாலும் வைத்தோம். பெரியப்பா அந்த ஐயாவின் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்து, "மூக்கைப் பாருங்க, மூக்கைப் பாருங்க" என்று ஊரையே கூப்பிட்டார். ஐயா தோட்டத்து மணலைக் கையில் அள்ளி விரல்களுக்கிடையில் விட்டார். இதில் போய் எப்படி விவசாயம் செய்தார்கள் என்று கேட்டுச் சிரித்தார். அவருடைய சிரிப்பு எனக்குப் பிடித்தது. சொந்தக்காரன் சிரிப்பு என்று நினைத்தேன்.

பதிவக்கா இரண்டு கிழமை எடுத்தார். நான் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மேசை முழுக்கச் சிறு கடதாசித் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெயர், ஒரு பக்க இலக்கம். மூன்று குடும்பத்துக்கும் மூன்று வரிசை. முதல் வரிசையில் வீட்டுத் தலைவன் வந்த வருசமே காய்ச்சலில் சாவு. பெண்சாதி புத்தளத்தில் உப்புக் கிட்டங்கிக் காவல்காரன் ஒருவனை மறுமணம் செய்கிறாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டாவது குடும்பம் ஒரு ஞானஸ்நானத்தில் சாட்சியாக நிற்கிறது, பிறகு காணோம். திரும்பிப் போனார்களா, வேறெங்கும் போனார்களா என்று கேட்டேன். "போனது புத்தகத்தில இல்லை. நிண்டது மட்டும்தான் இருக்கு" என்றார்.

மூன்றாவது வரிசைதான் வேபர். அந்த வரிசையில் எங்கள் துண்டுகளை அவர் வைக்கவில்லை. தள்ளி, மேசையின் மறுமூலையில் வைத்திருந்தார்.

"ஏன் அது அங்க?"

"நாளைக்குச் சொல்லுறன். இன்னொருக்காப் பாக்கவேணும்."

மறுநாள் எல்லோரையும் வரச் சொன்னார். ஐயாவும், பெரியப்பாவும், நானும், இன்னும் பத்துப்பேரும். புத்தகத்தைத் திறந்து அடிமட்டத்தை வைத்தார்.

"வேபருக்கு ரெண்டு பிள்ளையள். மகன் அஞ்சு வயசில செத்தது. மகள் ஏழு வயசில செத்தது. ரெண்டும் ஒரே மாரிமழைக் காலத்தில. பிறகு பெண்சாதி. பிறகு அவர். இந்தா நாலு வரி. இதோட அவற்ர ஆக்கள் முடிஞ்சுது."

நீர்கொழும்புப் பொடியன் அதை மெல்லச் சொன்னான். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து அந்த நாலு வரியையும் விரலால் தொடாமல், காற்றில் தடவினார். அழுதார். சத்தமில்லாமல்.

பெரியப்பா சத்தம் போட்டார். "அப்ப நாங்க ஆரு? வானத்தால விழுந்தமா?"

"நீங்கள் இந்தப் பக்கத்தில இருக்கிறியள்" என்று வேறு புத்தகத்தைத் திறந்தார். "ஒரே நாளில மூண்டு பேருக்கு ஞானஸ்நானம். வளந்த ஆக்கள். கடலுக்கு மறுகரையில, இந்தியாவில இருந்து தோட்ட வேலைக்குக் கொண்டு வந்த ஆக்கள். தகப்பன் பேர் எழுதுற கட்டம் மூண்டு பேருக்கும் வெறுமை. ஞானத்தகப்பன் எண்ட கட்டத்தில வேபர். அந்தக் காலத்தில அதுதான் வழக்கம். வேலையாள் வேதத்துக்கு வரேக்க முதலாளி ஞானத்தகப்பனா நிப்பார். அவற்ர வீட்டுப்பேரைத்தான் வைப்பினம். பதினொரு குடும்பமும் இந்த மூண்டு பேரில இருந்துதான் வருகுது."

"என்ட வீட்டுச் சான்று?"

"அந்த உபதேசியாருக்கு வெறுங்கட்டம் பொறுக்கேல்லை. பக்கத்துக் கட்டத்தில இருந்த பேரை இழுத்து இதில போட்டிட்டார். அது பிழை."

பிறகு பெரியப்பாவின் மருமகன், "பன்டி அடிச்சது வீணாப் போச்சே" என்றான். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா அவன் கன்னத்தில் அறைந்தார்.

ஐயா போகும்போது எங்கள் எல்லோருக்கும் தலையாட்டினார். பதிவக்காவுக்கு மட்டும் கை கொடுத்தார். அதைப் பார்த்து எனக்குப் பற்றி எரிந்தது.

விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. எங்களுக்கு வேண்டியது ஒரேயொரு தாள். பெரியப்பா வீட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குவது சரி என்று அவர் எழுதினால் போதும், சுவாமி கையெழுத்து வைப்பார். லத்தீன் வேறு எவனுக்குத் தெரியும்? புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? முதலில் பெண்கள் போனார்கள், அழுதார்கள். சுவாமி போனார். "ஏழைச் சனம், கொஞ்சம் யோசிங்க" என்றார். "நீங்கள் எழுதுங்கோ சுவாமி, நான் போயிடுறன்" என்றாராம் இவர். சுவாமி எழுதவில்லை.

பிறகு கம்பனியின் சட்டத்தரணி காரில் வந்தார். புத்தகத்தை மறைக்கச் சொல்லிப் பதிவக்காவிடம் ஆள் அனுப்பினோம். மறைக்கவில்லை. சட்டத்தரணி ஞானஸ்நானப் புத்தகம் கேட்டார், பதிவக்கா கொடுத்தார். அந்த மூன்று பேரின் பக்கத்தைச் சட்டத்தரணி போனில் படம் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போனார். அன்றைக்கு அந்த அறைக்குப் போனேன். பட்டப்பகல். கதவு திறந்துதான் இருந்தது.

"அவனுக்கு ஏன் காட்டினீங்க?"

"கேட்டவர். காட்டினனான்."

"நாங்க பதினொரு குடும்பம் தெருவில நிக்கப் போறம். தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு சொல். ஒரேயொரு சொல் எழுதச் சொல்றம். உங்கட கை அழுகிப் போகுமா?"

அவர் அடிமட்டத்தை எடுத்து மூடிய புத்தகத்தின் மேல் வைத்தார். எனக்கு அந்த அமைதிதான் ஆகாது. வாயில் வந்ததைப் பேசினேன். அவரோடு முகாமில் இருந்த ஒரு பெண் எங்கள் பக்கம் குடியேறியிருந்தாள். அவள் என் பெண்சாதியிடம் சொன்னதை நான் பல நாளாக வைத்திருந்தேன். அதை எடுத்து அடித்தேன்.

"உங்கள எனக்குத் தெரியும். சண்டையில இருந்து வெளிய வரக்குள்ள ஆமிச் சோதனையில தம்பியைத் தெரியாது என்டு சொன்ன ஆள்தானே நீங்க? கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுத்த வாய். எங்களுக்கா பொய் சொல்லப்போகுது?"

சொல்லி முடித்தவுடனேயே பிழை என்று தெரிந்தது. ஆனாலும் நான் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். அழவில்லை. சான்றில் உள்ள பிழையைத் திருத்துகிற அதே குரலில் சொன்னார்.

"தெரியாது எண்டு சொல்லேல்லை. புருசன் எண்டு சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை.

"தனி ஆம்பிளையளைப் பிரிச்சு எடுத்தவங்கள். குடும்பக்காரரை விட்டவங்கள். அதால என்ர புருசன் எண்டு சொன்னனான். அவன் சும்மா படிச்சுக்கொண்டு இருந்த பொடியன். ஒண்டும் இல்லாதவன். ஆனா அவங்கட கையில எங்கட குடும்ப அட்டை இருந்தது. அதில தம்பி எண்டு எழுதியிருந்தது. ஏன் பொய் சொல்லுறாய், இவன் ஆர் எண்டு கேட்டுக் கூட்டிக்கொண்டு போனவங்கள்." அடிமட்டத்தைப் புத்தகத்தின் விளிம்போடு நேராக்கினார். "உண்மையைச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களோ எண்டு கேக்காதேங்கோ. அது எனக்குத் தெரியாது."

வெளியே வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு எனக்குக் கோபம் போகவில்லை, அதுதான் உண்மை. அவருடைய துயரம் அவருடையது, என் கூரை என்னுடையது என்றுதான் நினைத்தேன்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை. காணிக் கந்தோர் மண்டபத்தில் ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் கம்பனி ஆட்கள். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி சிங்கள ஆள், நன்றாகத் தமிழ் பேசுவார். கம்பனிச் சட்டத்தரணி முதலில் எழும்பினார். போனில் பிடித்ததைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார். இவர்கள் வேபரின் பரம்பரை இல்லை, கூலிக்கு வந்தவர்களின் பரம்பரை, காணியில் ஒரு சதுர அடியும் இவர்களுக்கு இல்லை என்றார்.

அதிகாரி பதிவக்காவைக் கூப்பிட்டார். அவர் புத்தகங்களை வெள்ளைத்துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்.

"இது சரியா?"

"சரி."

என் பெண்சாதி பக்கத்தில் இருந்து விம்மினாள். கம்பனிக்காரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி எதையோ எழுதிவிட்டு, சும்மா கேட்பது போலத்தான் கேட்டார். "அப்ப வேபரின்ட பரம்பரை ஆரு? மகள் வழி என்டு உறுதியில இருக்கே."

"மகள் ஏழு வயசில செத்தது" என்றார் அவர். சாவுப் புத்தகத்தை விரித்து அதிகாரி பக்கம் திருப்பினார். "இந்த வரி. மகன் இந்த வரி. வேற பிள்ளை இல்லை."

கம்பனிச் சட்டத்தரணி எழும்பினார். இது நேற்று எழுதியதாக இருக்கலாம் என்றார். அதிகாரி தாளைத் தடவிப் பார்த்தார், கறையான் அரித்த ஓட்டையை விரலால் காட்டினார். "இந்த ஓட்டை எழுத்துக்கு நடுவால போகுது மாத்தயா. நேத்து எழுதினா எழுத்து ஓட்டையைச் சுத்திப் போகும்." சட்டத்தரணி உட்கார்ந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாலு வரியை எட்டு நாளுக்கு முன்பே என் காதால் கேட்டவன் நான். ஏழு வயதில் செத்த பிள்ளைக்குக் கொழும்பில் பேரன் எப்படி வருவான்? பதினொரு குடும்பத்தில் ஒருவனுக்கும் அது புத்தியில் ஓடவில்லை. கூலி என்ற சொல் காதில் விழுந்த பிறகு எங்களுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. பதிவக்காவுக்கு ஓடியதா? பிறகு கேட்டிருக்கிறேன். "காணி விசயம் எனக்கு விளங்காது. கேட்டதைக் காட்டினனான்" என்றார். நம்புவதா விடுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதிகாரி பேனையை வைத்தார். உரிமைக்காரன் ஒருவனும் இல்லாவிட்டால் காணி அரசாங்கத்துக்குப் போகும் என்றார். அதில் நெடுங்காலம் குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டுக்காணியைக் கேட்கலாம். ஆனால் உரிமைக்காரன் என்று நிற்பவன் அப்படிக் கேட்க முடியாது. "இரண்டு காலையும் இரண்டு வள்ளத்தில வைக்க ஏலாது. ஒவ்வொரு வீடாச் சொல்லுங்க. நீங்க ஆருட பரம்பரை? சொல்றதை எழுதுவன்."

முதலில் பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா கண்ணாடிச் சட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பினார். எங்கள் சட்டத்தரணி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். பெரியப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"வேபரின்ட பரம்பரை. என்ட அப்பா சொன்னது. சாகும்வரைக்கும் அதுதான்."

அதிகாரி எழுதினார். பெரியப்பாவின் மூன்று பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். நாலு வீடு. அடுத்தது நான்.

எழும்பினேன். கம்பனிக்காரர்கள் பார்க்கிறார்கள். சம்மாட்டி வேடிக்கை பார்க்க வந்து கதவில் நிற்கிறார். பெரியப்பா என்னைப் பார்க்கிறார், மகனைப் பார்ப்பது போல. பதிவக்கா மட்டும் பார்க்கவில்லை. விரித்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூலிக்கு வந்தவங்கட பரம்பரை" என்றேன்.

"கேக்கல்ல. சத்தமா."

"கூலிக்கு வந்தவங்கட பரம்பரை மாத்தயா. அந்த ஜெர்மன்காரன் எங்களுக்கு ஞானத்தகப்பன் மட்டும்தான்."

பெரியப்பா காறித் துப்பினார். என் காலில் விழுந்தது. எனக்குப் பின்னால் ஆறு வீடு அதையே சொன்னது.

ஏழு வீட்டுக்குக் காணித்துண்டு கிடைத்தது. பெரியப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கத்தைக் கம்பனி கடைசியில் அரசாங்கத்திடமே குத்தகைக்கு எடுத்தது. அந்த ஆத்திரம் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. பெரியப்பா பாலாவியில் வாடகை வீட்டில் செத்தார். செத்த வீட்டுக்கு என்னை விடவில்லை. ஊரில் பாதி பதிவக்காவோடு கதைப்பதை நிறுத்தியது. கிணற்றடியில் அவருக்கு வாளி கொடுக்கவில்லை. அடுத்த வருசம் அவர் போய்விட்டார். எங்கே என்று சுவாமி சொல்லவில்லை. புத்தகங்கள் எல்லாம் எழுதி முடிந்திருந்தன.

ஆனால் அந்த வியாழக்கிழமை, விசாரணை கலைந்த பிறகு, கந்தோர் விறாந்தையில் அவர் புத்தகங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். தம்பியைப் பற்றிச் சொன்னதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வேறு வந்தது.

"அந்த மூன்டு பேரில எங்கட ஆள் எவன்?"

"நடு ஆள்."

"பேர் என்ன? வேபர் என்டு வைக்கிறதுக்கு முந்தி?"

"இதை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். சுற்றிய துணியை மறுபடி அவிழ்த்தார். கையைச் சீலையில் துடைத்தார். பக்கத்தைத் தேடாமலே திறந்தார். "சின்னான். வேலை, தென்னங்கண்டுக்குத் தண்ணி இறைக்கிறது. கையெழுத்துக்குப் பதிலா ஒரு புள்ளடி போட்டிருக்கு, இந்தா."

சின்னப் புள்ளடி. ஒரு கோடு நீளம், அதைக் குறுக்கே வெட்டுகிற கோடு கட்டை. பேனை பிடித்துப் பழக்கமில்லாத கை.

"எழுதித் தாங்க" என்றேன்.

விறாந்தை வாங்கில் புத்தகத்தை வைத்து, முழங்காலிட்டு, ஒரு சான்றுத் தாள் எடுத்து எழுதினார். தகப்பன் பெயருக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு இழுத்தார். மை காயும்வரை தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.